பலகைக்கு உள்பக்கம் ஒரு ஸ்டூல்

பத்தொன்பது வருஷம் நான் நின்றேன். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா. அதன் தோட்டத்தில் தென்னங்கீற்றுக் கூரை போட்ட ஒரு பார். வருகிறவர்கள் உயரமான ஸ்டூலில் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு குடிப்பார்கள். பலகைக்கு உள்பக்கம் எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டு, டம்ளர் கழுவியது நான். உள்பக்கம் ஸ்டூல் கிடையாது. ஒன்று கேட்டதற்கு, "உக்காந்தா சோம்பேறியாயிருவீங்க" என்றார் மேனேஜர். அவர் அதை உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

கால் நரம்பு கயிறாகப் புடைத்த பிறகு வேலையை விட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கிங்ஸ்டனிடம் சொன்னேன்.

"ஏனுங்க, நம்மூட்டு முன்னாடி ஒரு பார் கட்டோணும்."

அவர் ஜீப் ஓட்டுகிறவர். எந்த வளைவுக்கும் பயப்படமாட்டார், அவர் அண்ணனுக்கு மட்டும் பயப்படுவார்.

"பாரா? என்னத்த விக்கப் போற?"

"விக்கறதுக்கில்லீங்க. நான் உக்கார்றதுக்கு."

ஆடியில் வெள்ளக்கடைத் தச்சர் மாதேஸ்வரன் வந்து கட்டினார். வேலியில் நின்ற கல்யாண முருங்கையைப் பச்சையாகவே வெட்டி நான்கு கால் நட்டார். கூரைக்குக் கீற்று வேண்டாம் என்றேன். பங்களாவில் வருஷா வருஷம் அது பனியில் அழுகிக் காளான் பூத்ததை நான்தானே பெருக்கினேன்? மலைப்புல்லே போட்டோம். பலகை சில்வர் ஓக் மரம். வெளிப்பக்கம் மூன்று ஸ்டூல், உள்பக்கம் ஒன்று.

"உள்ளார எதுக்குங்கக்கா ஸ்டூலு? எத்தனையோ ரிசார்ட்டுல பார் கட்டிருக்கறேன், யாரும் கேட்டதில்லீங்களே."

"உள்ளார நின்னவ யாரும் பார் கட்டல. அதான்."

ஒரு வாரம் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள் மச்சாண்டார், கிங்ஸ்டனின் அண்ணன் தேவசிகாமணி வந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டியில் பெரிய ஆள். அவர் வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் எழுந்து நிற்க வேண்டும். அவர் உட்காரும் வரைக்கும், உட்கார்ந்த பிறகும். நானும் சட்டென்று எழுந்துவிட்டேன்.

"கோயில் சனம் பாத்தாச் சிரிக்கும். ஐப்பசி பொறக்கறதுக்குள்ள பிரிச்சுப்போடு. இல்லீன்னா நானே ஆளோட வந்து பிரிப்பேன்."

அவர் திட்டியதில் எனக்கு வருத்தமில்லை. என் சொந்த ஸ்டூலிலிருந்து எழுந்தேனே, அந்த ஆத்திரம்தான் மூன்று மாதமாக ஆறவில்லை.

சொன்னபடியே ஐப்பசியில் இரண்டு ஆள், ஒரு கடப்பாரையோடு வந்தார். கிங்ஸ்டன் ஜீப்புக்குப் பின்னால் போய் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். நான் உள்பக்கம் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸுக்கு இஞ்சி சீவிக்கொண்டிருந்தேன். கால் தானாக எழப் பார்த்தது. பயமாகத்தான் இருந்தது. பலகையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மரியாத எங்கம்மா போச்சு? எந்திரிக்க மாட்டியா?"

"மரியாத மனசுல நொம்ப இருக்குதுங்க மாமா. எந்திரிக்க மாட்டேன்."

அவர் கையைக் காட்ட, ஆட்கள் ஒரு முருங்கைக் காலைப் பிடித்து அசைத்தார்கள். அது அசையவில்லை. உச்சியில் கை அகல இலைகள்தான் ஆடின.

"துளுத்து வேர் புடிச்சிருச்சுங்க ரைட்டரய்யா. உள்பக்கமிருந்து தோண்டித்தான் எடுக்கோணும். அக்கா எந்திரிச்சாத்தான் ஆவும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது நிக்கட்டும் மாமா. பத்தொம்பது வருசம் நான் நின்னது போதும்" என்றேன். ஸ்டூலை விட்டு நகரவில்லை. "வெளியில மூணு ஸ்டூல் கெடக்குது. உங்களுக்குந்தான் செஞ்சது."

அவர் உட்காரவில்லை. கடப்பாரைக்காரன் கடப்பாரையை மெதுவாகக் கீழே வைத்தான். ஜீப்புக்குப் பின்னாலிருந்து கிங்ஸ்டன் வந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல், அண்ணன் நிற்கும்போதே, முதல் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு டம்ளர் போடு செல்வி" என்றார். "இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்."

உட்கார்ந்தபடியே பிழிந்தேன்.