பெரிய மாப்பிள்ளை வீட்டு ஜப்தி

சகலபாடி வீட்டுக்குக் கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய ஆள் வந்தது என்று கேள்விப்பட்டால் ஒரு மனிதன் சந்தோஷப்பட வேண்டும். அதுதான் உலக நியாயம். பரஞ்சோதியும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தார். சிடாம் கிரியில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, சின்ன மாப்பிள்ளையின் மானம் போவதை ஜெயமலரும் கேட்கட்டும் என்று கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடித்தார். பெண்டாட்டிக்குத் தங்கச்சி புருஷன்தான் என்றாலும், கேட்கட்டுமே!

ஆனால் மெர்கோங்கிலிருந்து பேசிய சிவநேசன் அழவில்லை.

“சகலை, அந்த பெய்லிஃப் ரொம்பப் பாவம்லா! நோட்டீஸ் ஒட்டி ஒட்டியே மனுசனுக்குக் கை வலிச்சுப் போச்சு. சோபாவுல ஒண்ணு, டிவியில ஒண்ணு, ரெண்டு கதவு ஐஸ்பெட்டியில ஒண்ணு, மசாஜ் நாற்காலியில ஒண்ணு... ‘என்ன சார், ஒரே வீட்டுல இவ்ளோ சாமானா’ன்னு கேட்டுட்டாரு. உக்கார வச்சு மைலோ கலக்கிக் குடுத்தேன்.”

“மசாஜ் நாற்காலியா?” என்றார் பரஞ்சோதி. குரல் பாதாளத்திலிருந்து வந்தது.

“உங்ககிட்ட சொல்லலையா? அத்தைகூட அன்னைக்கு வந்து உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல சகலை. ‘சின்ன மாப்பிள்ள என்னை மகாராணி மாதிரி வச்சிருக்காரு’ன்னாங்க.”

பரஞ்சோதியின் வயிற்றில் அப்போது கிளம்பிய புகையைக் கண்டிருந்தால் சுங்கைப்பட்டாணியிலிருந்து இரண்டு தீயணைப்பு வண்டிகள் மணியடித்துக்கொண்டு வந்திருக்கும்.

இத்தனைக்கும் குற்றம் இருவருக்கும் பொதுவானது. போன தீபாவளிக்கு மெர்கோங்கில் சிவநேசன் வீட்டு முன்னால், மாமியார் மருதம்மாள் பார்க்க, சின்னவர் ஒரு பட்டாசுச் சரம் கொளுத்தினார். மூத்த மகளைக் கட்டியவர் சும்மா இருப்பாரா? அதைவிட நீளமாக ஒன்று கொளுத்தினார். சின்னவர் மூன்றாவதைக் கொளுத்த, பெரியவர் நான்காவதாக ஒன்றை, சாலையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டினார். அன்று மிரண்ட கோழிகள் அலோர் ஸ்டார் ரயில் நிலையம் வரை ஓடின என்று சொல்வார்கள். பாதி தூரம் ஓடியிருந்தாலும் பெரிய தூரம்தான். அனுமதியில்லாத பட்டாசு என்று போலீஸ் வந்தபோது இருவர் கையிலும் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. மாஜிஸ்திரேட் இரண்டு பேருக்கும் ஒரே அபராதம் போட்டார். பரஞ்சோதிக்கு அதில்தான் வருத்தம். நான்காவது சரம் அவருடையது அல்லவா?

அபராதத்தை இருவருமே கட்டவில்லை. “அவரே கட்டலியே, நான் எதுக்கு முந்திக்கிட்டு ஓடணும்? பயந்துட்டேன்னு நெனைப்பாரு” என்பார் பரஞ்சோதி. உண்மையில் கையுறைத் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்று மாதங்களாகியிருந்தன. ஜெயமலர் தோசை மாவு அரைத்து விற்பதில்தான் மாதத்தின் கடைசி வாரம் ஓடியது. கோர்ட்டுக்குத் தருவதற்கு வீட்டில் மாவுதான் இருந்தது.

ஜெயமலர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அவளிடம் மாவு வாங்க வருகிற அம்மா ஒருவர் வக்கீல் ஆபீசில் வேலை செய்பவர். எடுத்துப்போக வீட்டில் ஒன்றுமில்லை என்றால் பெய்லிஃப் அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார், அப்புறம் மாஜிஸ்திரேட் முன்னால் சம்பளச் சீட்டோடு போய் நின்று தவணை கேட்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

“அன்சுரான் கெடைச்சா மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிரலாம்ங்க. கெடைக்கலன்னா நீங்க உள்ள போயி உக்காரணும். அதனால வீட்ட இருக்கிற மாதிரியே விடுங்க. நம்ம வீட்ட பார்த்தா அந்த ஆளே பத்து வெள்ளி வச்சிட்டுப் போவாரு.”

சமாதானமாகத்தான் சொன்னாள். ஆனால் கடைசி வாக்கியம் பரஞ்சோதியின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முதுகு புடைத்த பழைய டிவி. கதவைக் கயிறு போட்டுக் கட்டிய ஐஸ்பெட்டி. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் ஒன்றுக்குக் காலில் கம்பிக் கட்டு. சின்னவர் வீட்டில் நோட்டீஸ் ஒட்டிக் கை வலித்த பெய்லிஃப், இங்கே சப்பாத்துகூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்! அது அத்தை காதுக்குப் போகும்!

ஒரு மாதம் இப்படியே புகைந்தார். பிறகு ஒரு நாள், சின்னவர் வீட்டுக்குப் போன அதே பெய்லிஃப், சசிதரன், போனில் கூப்பிட்டார். “அண்ணே, இந்த வேஸ் மேப்பு உங்க வீட்டுக்குன்னு சொல்லி என்னைச் செம்பனைத் தோட்டத்துக்குள்ள கொண்டாந்து விட்டுருச்சு. நாளைக்குக் காலையில வரேன். வழி மட்டும் சொல்லிருங்க.”

பரஞ்சோதி கல்யாண வீட்டுக்கு வழி சொல்வது போல் வழி சொன்னார். அடுத்து சுங்கைப்பட்டாணி மனோகரனை அழைத்தார். பெண் பார்க்க வரும் வீடுகளுக்கும், விருந்தாளிகள் வந்துபோகும் தீபாவளித் திறந்த இல்லங்களுக்கும் பழைய சாமான்களைப் பளபளவென்று துடைத்து ஒரு நாள் வாடகைக்கு விடுகிறவர் மனோகரன்.

“மசாஜ் நாற்காலி இருக்கா?”

“ஒண்ணே ஒண்ணு இருக்குண்ணே. என்ன விசேஷம்?”

“கவர்மெண்ட் ஆளு ஒருத்தரு வர்றாரு.”

மூன்றாவது அழைப்பு மகனோடு குடியிருக்கும் மருதம்மாளுக்கு. “அத்தை, நாளைக்கு நம்ம வீட்டுக்கு பெய்லிஃப் வர்றாரு. நீங்க கண்டிப்பா வந்துரணும்.”

மறுநாள் விடிந்ததும் லோரி வந்தது. மாவுக் கையோடு வெளியே வந்த ஜெயமலர், கண்ணாடி அலமாரியும், சுவர் அகல டிவியும், யானைக்குட்டி போன்ற கறுப்பு நாற்காலியும் தன் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தாள்.

“ஏங்க, என்னங்க இது? ஜப்தி பண்ண வர்றாங்களா, பொண்ணு பார்க்க வர்றாங்களா?”

“நீ சும்மா இரு. அவருக்கு இருக்குன்னா எனக்கும் இருக்கு.”

“அவருக்கு இருக்கிறது நமக்கு வேணாம்ங்க. அன்சுரான் வேணும்.”

அதற்குள் மருதம்மாள் வந்துவிட்டாள். நாற்காலியைக் கண்டதும் முகம் மலர்ந்து, சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பரஞ்சோதி விசையை அழுத்தினார். நாற்காலி சினை எருமை போல் ஒரு முனகல் முனகிவிட்டு அவளைக் குலுக்கத் தொடங்கியது.

“பெரிய மாப்பிள்ளையும் கொறைஞ்சவரு இல்ல,” என்றாள் மருதம்மாள் குலுங்கிக்கொண்டே. அந்த ஒரு சொல்லுக்காகப் பரஞ்சோதி இன்னொரு முறை பட்டாசு கொளுத்திக் கோர்ட்டுக்குப் போகத் தயாராக இருந்தார். அவள் தொடர்ந்தாள்: “சின்னவரு வீட்டுதும் இப்படித்தான் மொனகும். இதே எடத்துல இடுப்ப இடிக்கும்.”

“அதைவிட இது ஒசத்தி அத்தை.”

சசிதரன் வந்தார். கையில் வாரண்டு, கக்கத்தில் நோட்டீஸ் கட்டு, முகத்தில் காலைப் பசி. பரஞ்சோதி அவரை வரவேற்று ஒவ்வொரு சாமானாகக் காட்டினார். மியூசியத்தில்கூட யாரும் அப்படிச் சுற்றிக் காட்டமாட்டார்கள்.

“தம்பி, இந்த டிவிய விட்டுட்டீங்க. இந்த அலமாரி அசல் கண்ணாடி, தட்டிப் பாருங்க. போன வீட்டுல இந்த மாதிரி இருந்துச்சா?”

“எந்த வீட்டுலண்ணே?”

“சும்மா கேட்டேன்.”

ஜெயமலர் முன்னால் வந்தாள். “தம்பி, நாங்க அன்சுரான் கேக்கலாம்னு இருந்தோம்.”

சசிதரன் அந்த டிவியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், குலுங்கிக்கொண்டிருக்கும் மருதம்மாளைப் பார்த்தார். “அக்கா, வீட்டுல மசாஜ் நாற்காலி வச்சுக்கிட்டு அன்சுரான் கேட்டா மாஜிஸ்திரேட் சிரிப்பாருக்கா. இதெல்லாம் எழுதிட்டேன்னா அடுத்த வாரம் லோரி வந்து ஏத்திட்டுப் போயிரும். அதுக்குள்ள முழுசா கட்டிருங்க.” ஒரு நோட்டீஸை உரித்துக்கொண்டு நாற்காலியின் பக்கம் குனிந்தார். “பாட்டி, கொஞ்சம் எந்திரிங்க.”

“முடியாது,” என்றாள் மருதம்மாள். “இது காலைப் புடிச்சுக்கிட்டு இருக்கு.”

பரஞ்சோதிக்கு அப்போதுதான் உறைத்தது. லோரி வந்து மனோகரனின் சாமானை ஏற்றிக்கொண்டு போனால் அவருக்கு என்ன பதில் சொல்வது? தவணையும் போகும், தான் உள்ளேயும் போகவேண்டி வரலாம். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அதை அத்தை எதிரில் சொல்ல வேண்டும். ஜெயமலர் மாவு காய்ந்த கையை மடக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“தம்பி, ஒட்டாதீங்க. அது என்னோடது இல்ல.”

“என்னண்ணே?”

“வாடகைக்கு எடுத்தது. டிவியும், அலமாரியும்தான். அந்த பிளாஸ்டிக் நாற்காலி நாலும்தான் நம்மளோடது. அதுலயும் ஒண்ணு நொண்டி.”

நாற்காலி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. பரஞ்சோதி தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரை பிளந்தால் சீனா வரைக்கும் போய்விடலாம் என்று இருந்தது.

சசிதரன் நாற்காலியின் இடது கைக்கடியில் விரலால் தடவினார். அங்கே பழைய பசையும் கிழிந்த காகித ஓரமும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் முகம் மெல்ல விரிந்தது.

“வந்ததுலேர்ந்து பாக்கிறேன், இந்த மொனகலை எங்கயோ கேட்டிருக்கமேன்னு! இதுல நானே நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்ணே. போன மாசம், மெர்கோங்ல. அந்த வீட்டுக்காரரும் கடைசியில உங்கள மாதிரிதான்...” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சிருங்க. அதெல்லாம் நான் வெளிய சொல்லக் கூடாது.”

சொல்லக் கூடாததுதான். ஆனால் சொல்லியாகிவிட்டது. மருதம்மாளின் குலுங்கும் முகத்தில் ஒரு புருவம் மட்டும் அசையாமல் மேலே போய் நின்றது. “அதான பார்த்தேன்! இதே இடுப்பு, இதே இடி.”

பரஞ்சோதி நிமிர்ந்தார். கன்னத்திலிருந்து காது வரை ஒரு சிரிப்பு பரவியது. கூன் விழுந்த டிவிகூட அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது.

“சோபா?” என்று ஆசையாகக் கேட்டார். “சோபாவாச்சும் அவரோடதா தம்பி?”

“அண்ணே, என் வேலையைப் போக வச்சிராதீங்க.”

சசிதரன் நோட்டீஸைக் கட்டில் சேர்த்தார். “வாடகை ரசீது வச்சிருக்கீங்கல்ல, அது போதும். எடுக்கிற மாதிரி ஒண்ணுமில்லன்னு எழுதிர்றேன். அக்காவோட கிரைண்டர் தொழில் சாமான், அதைத் தொட மாட்டேன். திங்கட்கிழமை சம்பளச் சீட்டோட கோர்ட்டுக்கு வந்து கேளுங்க, குடுப்பாங்க.”

ஜெயமலர் மூச்சு விட்டாள். அந்த மூச்சில் மாவுத் தூள் பறந்தது. “உக்காருங்க தம்பி, சூடா தோசை ஊத்துறேன்.”

பரஞ்சோதி மட்டும் இன்னும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு மெல்லச் சுருங்கியது. வயிற்றில் பழைய புகை மறுபடி மெதுவாக எழுந்தது.

“தம்பி, அவருக்கு எத்தனை மாசம் அன்சுரான் குடுத்தாங்க?”

“அதை நான் சொல்லவே கூடாதுண்ணே.”

“ஆறு மாசம்,” என்றாள் நாற்காலியிலிருந்து மருதம்மாள். “சின்ன மக ரூபினி சொன்னா.”

பரஞ்சோதி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“அப்படின்னா எனக்கு எட்டு மாசம் கேக்கணும். நான் பெரிய மாப்பிள்ளை.”