அம்சவேணி தைத்த தலையணை

"இன்னொரு தலகாணி எங்கடி சுகா?"

அம்சவேணி அத்தை கட்டிலுக்கு அடியில் முக்கால்வாசி உடம்பை நுழைத்துக்கொண்டு கேட்டாள். வெளியே தெரிந்தது அவள் கால்கள் மட்டும்தான்.

சுகாசினி கதவோரம் நின்று கூடத்தை எட்டிப் பார்த்தாள். கூடத்தில் அப்பா முனுசாமி ஐஸ் பெட்டிக்குள் மாலையோடு படுத்திருந்தார். அவர் படுத்த பாய், போர்வை, ஒரு தலையணை எல்லாவற்றையும் அத்தை ஏற்கெனவே மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். செத்தவர் படுத்ததெல்லாம் அவரோடு சுடுகாட்டுக்குப் போய்விட வேண்டும். ஒன்று தங்கினாலும் ஆள் தேடிக்கொண்டு திரும்பி வருவார் என்பது அத்தையின் கட்சி.

"நான் தெச்சுக் குடுத்ததுடி. நீலப் பூ போட்டது. தறியில கழிஞ்ச பட்டு நூலெல்லாம் சேத்துவெச்சு அடைச்சனே, அது எங்க?"

"பாக்கறேன் அத்த."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அது கூடத்து மூலையில், பெட்ஷீட் போர்த்தி வைத்திருந்த ட்ரம் செட்டில், காலால் பெடலை மிதித்து வாசிக்கும் பெரிய பேஸ் ட்ரம்மின் வயிற்றுக்குள் இருந்தது. போன மழைக்காலத்திலிருந்து ஞாயிறுதோறும் சுகாசினியின் வலது கால் அதை உதைத்துக்கொண்டிருந்தது. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது?

அப்பாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தபோது அத்தை பெரிய காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி, அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு முசரவாக்கம் வந்து இறங்கினாள். தலையை உயர்த்திப் படுத்தால் தம்பிக்கு மூச்சு சுலபமாக வரும் என்று யாரோ சொன்னார்களாம். பாசம் மிஞ்சிப்போய் நூலை அடை அடை என்று அடைத்துவிட்டாள். ஒரே ராத்திரியில் அப்பாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

"கருங்கல்லுமா இது," என்றார் காலையில், தலையைத் திருப்ப முடியாமல். "அக்காகிட்ட சொல்லிடாத. ஒரு மாசம் அழுதுகினு இருக்கும்."

அதை என்ன செய்வதென்று கண்டுபிடித்ததும் அவர்தான். ஏனாத்தூர் பக்கம் தகர ஷீட் போட்ட ஒரு சின்ன சர்ச்சில் சுகாசினி ட்ரம் வாசித்தாள். முனுசாமி அதற்குள் கால் வைத்தவரில்லை. மனைவி லில்லியையும் மகளையும் ட்ரம் செட்டையும் தன் ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே ஸ்தோத்திரம், வெளியே பீடி. வீடு திரும்பும் வழியில் மட்டும் வாய் சும்மா இருக்காது.

"உள்ள இருக்கறவங்களுக்கு எப்டியோ, வெளிய இருக்கறவனுக்குப் பாட்டே கேக்கல. தண்ணி டேங்க உருட்டற மாதிரி டும்மு டும்முன்னு உன் சத்தம்தான் கேக்குது."

அது பொய்யில்லை. தகரக் கூரைக்குக் கீழே பேஸ் ட்ரம்மை ஒரு உதை உதைத்தால் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். பழைய புடவை, செய்தித்தாள் என்று எதையெதையோ திணித்துப் பார்த்தாயிற்று. அடுத்த ஞாயிறு அந்தக் கல்லுத் தலையணை உள்ளே போனது. கனமாக இருந்ததால் நகராமல் தோலோடு ஒட்டி நின்றது. சத்தம் டப் டப்பென்று வெட்டி வைத்ததுபோல வந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அப்பா ஆட்டோவுக்குள்ளிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"எனக்கு ஒதவாட்டியும் கர்த்தருக்கு ஒதவுது எங்கக்கா தலகாணி."

பிறகு அவர் படுத்த படுக்கையானார். ஒருநாள், பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே மூச்சை இழுத்து இழுத்து, மகளிடம் சொன்னார்: "நான் போற அன்னிக்கு வெடி கிடி வேணாம். நீ வாசி. தெருவுல வாசி. கடைசி ஊடு வரைக்கும் நல்லா கேக்கணும்." அவள் சரி என்றாள். கடைசியாக அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

இன்று விடியும்போது மூச்சு நின்றது. மாதக்கணக்காக வீட்டை நிறைத்துக்கொண்டிருந்த இரைப்பு நின்றதும் சுகாசினிக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. அடுப்படியில் அம்மா டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தாள்.

"ரொம்ப நாள் கழிச்சு ரெண்டு வாய் டீ நிம்மதியா எறங்குதுடி," என்றாள் லில்லி. "தப்பா?"

"தப்பில்லம்மா."

இருவரும் மீதி டீயைப் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடும்போதெல்லாம் மூலையில் சின்ன ஸ்னேர் ட்ரம்மின் அடியில் கட்டிய கம்பிகள் கிர்ர் என்று அதிர்ந்தன. கட்டிலடியிலிருந்து வெளியே வந்து ஒப்பாரியை ஆரம்பித்த அத்தை பாதியில் நிறுத்திவிட்டு, "யாருடி அது?" என்று மூலையைப் பார்த்தாள். தம்பி தலையணையைத் தேடி வந்தேவிட்டான் என்று நினைத்தாளோ என்னவோ. சுகாசினி எழுந்துபோய்க் கம்பியின் பிடியைத் தளர்த்திவிட்டு வந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் ட்ரம் செட்டைத் தெருவுக்குத் தூக்கினார்கள். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் லோகேஸ்வரன் ஒரு பக்கம் பிடித்தான். சாமியானாவுக்குக் கீழே ட்ரம்களை நிறுத்தி, அவனைத் தெரு முனைக்கு அனுப்பிவிட்டு சுகாசினி வாசித்துப் பார்த்தாள்.

"ஸ்னேர் கேக்குது," என்று கத்தினான். "பேஸ் சுத்தமா வரல. மெத்தைய தட்டற மாதிரி இருக்குது."

அவளுக்கே தெரிந்தது. சர்ச்சில் கூரையும் சுவரும் சத்தத்தைப் பெருக்கும், அதை அடக்கத் தலையணை வேண்டியிருந்தது. இங்கே கூரை துணிதான், மேலே ஆகாயம். அடக்குவதற்கு எதுவுமே இல்லை. செட்டைப் பின்னால் இழுத்து வீட்டுச் சுவரை முதுகுக்கு வைத்துப் பார்த்தாள். ஸ்னேர் இன்னும் தெளிந்தது. பேஸ் ட்ரம் பொத் பொத்தென்றே கிடந்தது. தோலை முறுக்கினாள். பொத் கொஞ்சம் பட் ஆனது, அவ்வளவுதான். மைக் வைக்கலாம் என்றால், இருந்த ஒரே மைக் ஒப்பாரிக்காரர்களிடம் இருந்தது. அதைப் பிடுங்க யாருக்கும் தைரியமில்லை.

வீட்டுக்குள் குளிப்பாட்டி முடித்து அப்பாவைப் பாடையில் கிடத்திக்கொண்டு வந்தார்கள். பாடைக்குப் பக்கத்திலேயே, தலையணை கிடைக்காத முகத்தோடு, அத்தை நின்றாள்.

கடைசி வீடு வரைக்கும் கேட்க வேண்டுமானால் தலையணை வெளியே வர வேண்டும். முன் தோலைக் கழற்றாமல் அது வராது. அத்தையின் கண் முன்னால்தான் கழற்றியாக வேண்டும். சுகாசினி ட்ரம்மின் திருகு கழற்றும் சாவியை எடுத்தாள். ஒவ்வொரு திருகாகக் கழற்றி, தோலை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே கைவிட்டு நீலப் பூவை வெளியே இழுத்தாள்.

ஒப்பாரி நின்றது. அத்தை வந்து தலையணையை வாங்கிக்கொண்டாள். பூ வெளுத்திருந்தது. பெடல் உதைத்த இடத்தில் வட்டமாக ஒரு குழி.

"காலால ஒதச்சியா?"

"ஆமா அத்த."

"அவன் இதுல படுக்கவே இல்லியா?"

"ஒரு ராத்திரி படுத்தாரு. கழுத்து புடிச்சிக்கிச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்ல வேணாம்னாரு. அவர்தான் இதுல போடச் சொன்னாரு. இத போட்டதும் சத்தம் நல்லா இருக்குதுன்னாரு."

திட்டட்டும் என்று சுகாசினி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அத்தை தலையணையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். குழிக்குள் கையை வைத்து மறுபடி அமுக்கினாள்.

"கொஞ்சம் கெட்டியாத்தான் அடைச்சிட்டேன்," என்றாள் தனக்குள். அப்புறம், "இப்ப பதமா இருக்குது."

பாடையிடம் போனாள்.

"லில்லி, அவன் தலையத் தூக்குமா."

லில்லி இரண்டு கைகளாலும் தூக்கினாள். அத்தை தலையணையை உள்ளே தள்ளி, குழி மேலே வரும்படி திருப்பி வைத்தாள். தலை அதில் அப்படியே அமர்ந்தது. நெற்றியிலிருந்த காசை நேராக்கிவிட்டு, அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"படுடா," என்றாள். பிறகு திரும்பி, "நீ வாசிமா."

சுகாசினி முன் தோலை மாட்டித் திருகினாள். உட்கார்ந்து ஒரே ஒரு உதை. சத்தம் அடிவயிற்றிலிருந்து எழும்பித் தெரு முழுக்கப் போனது. மாட்டுக்கொட்டகையில் ஒரு மாடு திரும்பிப் பார்த்தது. கடைசி வீட்டு வாசலிலிருந்து லோகேஸ்வரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாசித்தாள். தாளம் தப்பவில்லை.

தூக்குகிறவர்களில் ஒருவர் குள்ளம். பாடை தோளுக்கு ஏறியதும் ஒரு பக்கம் சாய்ந்தது. மாலை சரிந்தது, நெற்றிக் காசு விழுந்தது. தலை மட்டும் தலையணையில் பதிந்தபடி அசையாமல் இருந்தது.