ஐ. டன்னக் என்ற பெயர்

இருபத்தொரு ஆண்டுகள் குதிரைப்படையில் இருந்துவிட்டு, 1872ஆம் ஆண்டு மே மாதம் சார்ஜென்ட் ஏமஸ் கார்பட் தார்ன்ஸ்பிக்குத் திரும்பி வந்தபோது, அவன் மார்பில் தொங்கிய மூன்று பதக்கங்களின் விளிம்பிலும் செத்துப்போன ஒருவனின் பெயர் இருந்தது. பதக்கம் வாங்குகிறவனின் பெயரை விளிம்பில் வெட்டித்தான் ராணுவத்தில் கொடுப்பார்கள். முதலாவது கிரிமியப் போருக்கு, இரண்டாவது இந்தியாவில் கலகத்தை அடக்கியதற்கு, மூன்றாவது நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும். மூன்றிலும் ‘ஐ. டன்னக்’ என்றிருந்தது. இதே ஊர்க்காரனான ஐசக் டன்னக் 1854 அக்டோபரில் கிரிமியாவின் பாலக்லாவா பள்ளத்தாக்கில் செத்தவன். முதல் பதக்கத்தை எப்படியாவது அவன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் வாங்க அவன் உயிரோடு இல்லை.

கார்பட்டுக்கு இது முன்பே தெரியும். ஊருக்குத் தெரிந்தது சந்தை நாளன்று, மதுக்கடையில் பதக்கங்கள் கைமாறிக் கைமாறிப் போனபோதுதான். அன்று பிற்பகலே அவன் கடிகாரம் பழுதுபார்க்கும் ஓபடையா பிம்மிடம் போய்ப் பெயரை அராவி எடுத்துவிட்டுத் தன் பெயரை வெட்டச் சொன்னான். பிம் சுத்தமாக வேலை செய்பவர். ஏ. கார்பட் என்று அழகாக வெட்டிக் கொடுத்தார். கார்பட் பாலத்தைத் தாண்டுவதற்குள், வெந்நீர் பட்ட கையில் கொப்புளம் எழும்புவதுபோல டன்னக்கின் பெயர் மறுபடி எழும்பிவிட்டது. இப்படிப் பதினொரு முறை நடந்தது. கடைசியில் பிம் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, “சார்ஜென்ட், இன்னும் ரெண்டு தடவை அராவினா மகாராணி முகமே போயிடும். அது ராஜதுரோகம். வேற ஆளைப் பாருங்க” என்றார்.

ஐசக்கின் தங்கை ஹெஸ்டர் டன்னக், கார்பட் வீட்டுக்கு நேர் எதிரே பன்றியிறைச்சிப் பணியாரக் கடை வைத்திருந்தாள். அண்ணன் செத்தபோது அவளுக்குப் பதினாறு வயது. “பீரங்கிக்கு நேரா விழுந்தான், வலியே தெரிஞ்சிருக்காது” என்று கார்பட் கடிதம் எழுதியிருந்தான். பதக்கங்களின் சங்கதி காதில் விழுந்த நாளிலிருந்து அவள் தினமும் நடுப்பகலில் தெருவுக்கு வந்து நின்று, “ஏய் கார்பட், எங்க அண்ணனை என்ன பண்ணின?” என்று கேட்டாள். முதல் வருடம் அவன் ஜன்னலைச் சாத்தினான். இரண்டாம் வருடம் கழுநீரை எடுத்து ஊற்றினான். மூன்றாம் வருடத்திலிருந்து அவள் குடையோடு வந்தாள். ஏழு ஆண்டுகளில் அவள் கேட்காத நாள் இரண்டே இரண்டு. இரண்டிலும் அவளுக்குக் காய்ச்சல். அந்த இரண்டு நாளும் கார்பட்டுக்குச் சோறு இறங்கவில்லை என்று அவன் வீட்டு வேலைக்காரி சொன்னாள்.

1879ஆம் ஆண்டு, பாலக்லாவா சண்டை நடந்து இருபத்தைந்து வருடம் ஆனதற்காக, ஓய்வுபெற்ற மேஜர் ஃபாலோஸ் நகர மண்டபத்தில் ஒரு மதிய விருந்து வைத்தார். பணியாரம் ஹெஸ்டரின் கடையிலிருந்து வந்தது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவளே வந்தாள். மேஜர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அன்றைய குதிரைப்படைப் பாய்ச்சலைப் பற்றிச் சொல்ல கார்பட் எழுந்தான். நூறு முறை சொன்ன கதை. ஆனால் அன்று அவன் வாயிலிருந்து வந்தது வேறு. குரல் அவனுடையதுதான், வார்த்தைகள் அவனுடையவை அல்ல.

“திரும்பி வர்றப்போ கார்பட்டோட குதிரை சுருண்டு விழுந்துடுச்சு. என் குதிரை நல்லாத்தான் இருந்தது. சேணம் சரிஞ்சதுன்னு இறங்கி வாரை இறுக்கிக்கிட்டு இருந்தேன். கார்பட் ஓடி வந்தான். எனக்கு ஒத்தாசை பண்ணத்தான் வர்றான்னு நினைச்சேன். என் குதிரைமேல தாவி ஏறிட்டான். நான் சேணத்துல கால் வைக்கிற அங்கவடியைப் பிடிச்சேன். குதிகாலால என் விரலை மிதிச்சான். ஒருதரம் இல்ல, ரெண்டு தரம். ஒரே ஊர்க்காரன்தானேன்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல.”

பாதியிலேயே கார்பட் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். பேச்சு நிற்கவில்லை, விரல் இடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் மேஜர் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்தார். ஹெஸ்டர் கையிலிருந்த தட்டை இறக்கிவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

“கழட்டு.”

“மொத பதக்கத்தை வேணா எடுத்துக்க. மத்தது ரெண்டும் நான் பட்ட பாடு. இந்தியா வெயில்ல வெந்தது நான்டி, உங்க அண்ணன் இல்ல.”

“அவன் இருந்திருந்தா அவன் வெந்திருப்பான். அவன் குதிரைமேல தப்பிச்சுப் போய் அவன் பொழைப்பைத்தான் நீ பொழைச்ச.”

“நன்னடத்தைக்குக் குடுத்ததுமா அவனோடது?”

“பின்ன உனக்கா குடுப்பாங்க?”

மேசையின் கடைக்கோடியில் யாரோ சிரித்துவிட்டார்கள். கார்பட் மூன்றையும் கோட்டுத் துணியோடு பிய்த்து, குழம்புக் கிண்ணத்துக்குள் எறிந்தான். ஹெஸ்டர் முழங்கை வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, மேலங்கியில் துடைத்து, பையில் போட்டுக்கொண்டாள். பிறகு மீதிப் பணியாரத்தையும் பரிமாறிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவற்றை மார்பின் வலப்பக்கத்தில் குத்திக்கொண்டு தேவாலயத்துக்குக் கிளம்பினாள். அவள் நடக்கையில் கூடவே குளம்பொலி கேட்டது. குதிரையைக் காணோம். ஆனால் பாலத்தில் வந்த வண்டிக்காரர்கள் குதிரைப்படைக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கி நின்றார்கள். தெருக் கூட்டுபவன், அவள் போன வழியில் புதுக் குதிரைச் சாணம் கிடப்பதாக நகர மன்றத்தில் புகார் சொன்னான். மன்றம் விசாரித்து, அவனுக்கு இன்னொரு துடைப்பம் ஒதுக்கியது. 1881இல் பணியாரக் கடை வாசலில் ஒரு கல் தொட்டியும் வைத்தார்கள். தினமும் அதில் தண்ணீர் குறைந்தது.

தொட்டியை நிரப்பியது கார்பட். யாரும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் வாளியோடு தெருவைக் கடந்து வந்தான், அதற்கப்புறம் பதினொரு வருடம் வந்தான். ஹெஸ்டர் அவனிடம் நல்ல வார்த்தை ஒன்று பேசியதில்லை. சில நாள் கடைக்குள்ளிருந்தபடியே, “இது கலங்கலா இருக்கு, குடிக்கமாட்டேங்குது. கொட்டிட்டு வேற கொண்டா” என்பாள். கார்பட் கொட்டிவிட்டு வேறு கொண்டுவருவான்.