பிரம்பு படாத கால்

சங்கரன்கோவில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜெபவீட்டில், வாரத்தில் தப்பு செய்த விசுவாசிக்கு ஞாயிறு விடியும்போது கெண்டைக்காலில் பிரம்படித் தடம் விழுந்திருக்கும். அடித்தவரை யாரும் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிறகு பூ மார்க்கெட்டில் பிச்சி விலை ஏறி இறங்குவதைப் போல எடுத்துக்கொண்டார்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டியும், பெண்கள் சேலையை ஒரு சாண் தூக்கியும் தடத்தைக் காட்டி ஸ்தோத்திரம் சொல்வார்கள். தகப்பன் தன் பிள்ளையைத்தான் கண்டிப்பார், தெருவில் போகிற பிள்ளையை அல்ல என்பது பாஸ்டரின் விளக்கம். விசைத்தறியை ஓடவிட்டுவிட்டு ராஜதுரை செல்போனில் ரம்மி ஆடினால் ஒரு தடம். சபையில் மூத்தவளான சீனியம்மாள் புறம் பேசினால் ரெண்டு. “ஆண்டவரு என்னைய விடவே மாட்டேங்காரு” என்று அவள் சலித்துக்கொள்வதில் பெருமை வழியும்.

ராஜதுரையின் மனைவி பொன்செல்விக்கு மட்டும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒன்றும் விழவில்லை. முதலில் பரிசுத்தவதி என்றார்கள். பிறகு அவள் காலை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாமியாரை மனசுக்குள் திட்டாத நாள் அவளுக்குக் கிடையாது. அது அவளுக்கே தெரியும். பனவடலிசத்திரத்தில் அவள் அப்பா மகன்களைப் புளியம் விளாறால் விளாசுவார்; இவள் மேல் கை வைத்ததில்லை. “அவ எவன் வீட்டுக்கோ போற கழுத, அவள என்னத்துக்கு அடிச்சிக்கிட்டு” என்பார். மேலே இருக்கிற அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறாரோ என்று ஞாயிறுதோறும் விளக்கைப் போட்டுத் தன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒரு ஆடித்தபசுத் திருவிழாவுக்கு யாருக்கும் தெரியாமல் கோவிலுக்குப் போய், பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை நெற்றியில் பூசினாள். ஜெபவீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஞாயிறு விடிந்தது, கால் வெறுமையாக இருந்தது. அடுத்த வாரம் நூல் சாயத்தைத் தொட்டுக் கெண்டைக்காலில் கோடு இழுத்துக்கொண்டு போய், அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். சபை கை தட்டியது. பொய்ச் சாட்சிக்காவது அடி விழும் என்று நம்பினாள். விழவில்லை. சாயம்தான் எவ்வளவு தேய்த்தும் போகாமல் கிடந்தது.

போன மழைக்காலத்தில் அவர்களுடைய மகள் அபிஷாவுக்கு முதல் தடம் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை எடுத்துவிட்டு, இல்லையென்று சாதித்திருக்கிறாள். ராஜதுரை தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தான். பொன்செல்வி தேங்காயெண்ணெயோடு மகள் காலடியில் உட்கார்ந்தாள்.

“வலிக்கா மக்கா?”

“அடிக்கும்போது வலிச்சிச்சும்மா. பெறவு அவங்களே தடவிக் குடுத்தாங்க. கை சூடா இருந்துச்சு.”

“எங்கன தடவுனாங்க?”

பிள்ளை காட்டிய இடத்தில் பொன்செல்வி தன் உள்ளங்கையை வைத்தாள். சூடு இன்னும் இருந்தது. பெற்ற மகள் மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது. பொறாமையும் பாவம்தானே என்று அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தாள். அதற்கும் அடி இல்லை.

இப்போதும் வாரம் தவறாமல் வருகிறாள். கடைசிப் பாயில், கெண்டைக்கால் தெரியச் சேலையை ஏற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். புதிதாக வருகிறவர்கள் தயங்கி நின்றால் சீனியம்மாள் வழி காட்டுவாள்: “பொன்செல்வி காலுதான், மிதிச்சிராம சுத்திப் போங்க.”