அக்பெடெஷியில் ஊறிய கட்டி

...இங்கேயும் பழுப்பு இல்லை, நுண்ணோக்கியடியில் கண்ணாடித் துண்டை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் ஒருவேளை... இல்லை, நீலம்தான், எங்கு பார்த்தாலும் அதே வெளிறிய நீலம். புற்றணுவின் சுவரில் ஹெர்2 என்கிற புரதம் மண்டிக் கிடந்தால் சாயம் பழுப்பாகப் பிடிக்கும், உள்ளே அதன் மரபணு தறிகெட்டுப் பெருகியிருக்கிறது என்று அர்த்தம், அதற்கென்றே ஓர் ஊசி மருந்து இருக்கிறது, இந்தக் கட்டிக்குச் சொந்தக்காரி கொனாடு பிழைக்க ஒரு வழி இருக்கிறது. பழுப்பு இல்லையென்றால் ஊசி இல்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் சாப்பிடப் போயிருக்கலாம். ஆனால் ஓரத்தில் கொஞ்சம் நல்ல மார்புத் திசு ஒட்டிக்கொண்டிருக்கிறதே, ஹார்மோன் சாயத்துக்கு அதுவாவது பழுப்பாகியிருக்க வேண்டுமே, அதுவும் பேந்தப் பேந்த விழிக்கிறது. நல்ல திசுவே வாய் திறக்காதபோது புற்று சொல்லும் 'இல்லை'யை எப்படி நம்புவது? மறுபடி கொதிக்க வைத்து, மறுபடி சாயம் ஏற்றி... சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்த வேறொருத்தியின் திசு பளிச்சென்று பழுத்துக் கிடக்கிறது. மரபணுவையே நேராக எண்ணிவிடலாம் என்று தலைநகர் அக்ராவுக்கு ஒரு துண்டு அனுப்பினேன், சிதைந்துபோன திசு, எண்ண முடியாது என்று பதில் வந்தது. செத்தும் பேசும் என்றுதான் திசுவைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். இது பேசாது.

பேசாததற்குக் காரணம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அமோவா, கொனாடுவின் கணவர், சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருக்கிறார், மடியில் இலையில் சுற்றிய, பயறு கலந்த வாச்சே சோறு, அவள் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லையாம். அறுத்தெடுத்த கட்டியை ஜாடியில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், யாரைக் குறை சொல்ல? அவர் வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஆய்வகக் கதவைப் பூட்டிவிட்டிருந்தோம். மறுநாள் அவருடைய தாய்மாமன் சாவுச் சடங்கு. எங்கள் அசாந்தே இனத்தில் மருமகன் தாய்மாமன் சாவுக்குப் போகாமல் இருந்துவிட முடியுமா? வீட்டில் வைத்தால் குழந்தைகள் திறந்துவிடும் என்று ஜாடியையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ட்ரோட்ரோ வேனில் மூடி இறுகாமல், கட்டி கெடாதிருக்க ஊற்றியிருந்த ஃபார்மலின் முழுவதும் கொட்டி, கண் எரிகிறது என்று வண்டியே கத்தி... சாவு வீட்டில் அக்பெடெஷிக்கா பஞ்சம்? மருந்து வேர்கள் வருஷக்கணக்கில் அந்தச் சாராயத்தில் கெடாமல் கிடக்கின்றனவே, கட்டி கெட்டுவிடுமா என்று கழுத்து வரை ஊற்றிவிட்டார். பிறகு அந்த வெயில், அந்தக் கூடாரம். ஜாடியைக் கொடுக்கும்போது அவர் டெட்டேயிடம் பெருமையாகச் சொன்னாராம், "தண்ணி கலக்காத சரக்கு தம்பி, நல்லாப் பாத்துத்தான் ஊத்துனேன்." டெட்டே எங்கள் சாயக்காரன், கா இனத்தவன், எங்களைச் சீண்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது. "உங்க ஆளுங்களுக்குச் சாவு வீடுன்னா போதும் டாக்டர், கட்டியக்கூடக் கூட்டிட்டுப் போய் ஊத்திக் குடுத்துருக்காங்க." நான் சிரித்துவிட்டேன். அதே சனிக்கிழமை நானும் சிவப்பும் கறுப்பும் உடுத்தி வேறொரு சாவுக் கூடாரத்தில் பாட்டுக்குத் தோளாட்டிக்கொண்டுதானே இருந்தேன், எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது அவரைத் திட்ட?

'இல்லை' என்று எழுதினாலும் ஊசி கிடையாது, 'தெரியவில்லை' என்று எழுதினாலும் கிடையாது. ஹார்மோன் மாத்திரையையாவது கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துப் பார்ப்பார்கள், இந்த ஊசிக்கு 'உண்டு' என்ற ஒரு சொல் வேண்டும், அதை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதினால் என்ன? ஊசி இதயத்தைக் கெடுக்கக்கூடியது, அந்தப் புரதமே இல்லாதவளுக்குக் கொடுத்து... வேண்டாம். வெளியே போய்த்தானே ஆக வேண்டும். போனேன். அவர் எழுந்து நின்றார், சோற்றுப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"என்னங்க டாக்டரம்மா, ஊசி உண்டா?"

"சோதனை தெளிவா வரலீங்க. இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல."

அவர் தரையைப் பார்த்தார். "நான் அதுல ஊத்துனது..."

"அதனால இல்லீங்க." நாக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. வெயிலும்தான் கெடுத்தது, பூட்டிய கதவும்தான், அரைப் பொய்தான் இது... எத்தனை பேர்மீது பங்கு போட்டாலும் திசு திரும்பி வராது.

"மறுபடி ஒருக்கா பாக்க முடியாதாம்மா?"

"இருந்ததெல்லாம் முடிஞ்சுபோச்சு. புதுசா கட்டி எதாச்சும் வந்தா, அதுல பாக்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் முகம் தெளிந்துவிட்டது, அதுதான் தாங்க முடியவில்லை. "அப்படியா, சரிங்கம்மா, இந்தத் தடவ மூடிய நல்லா இறுக்கி நேரா இங்கதான் கொண்டு வருவேன், எவன் செத்தாலும் போக மாட்டேன்." நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆறுதலுக்காகத்தான் ஆட்டுகிறேன் என்று நினைத்தேன், ஆனால் எனக்குள்ளே ஒருத்தி, கொஞ்சமே கொஞ்சம் திசு கிடைத்தால் போதும், சுத்தமான ஃபார்மலினில்... அவள் அந்தப் புதுக் கட்டிக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள்.