பனிக்கட்டியில் வைத்த ரத்தம்

அக்காவின் இடது கண் போன வருடமே இருண்டுவிட்டது. இப்போது வலது கண்ணிலும் அழற்சி. வேலியே பயிரை மேய்வதுபோல, உடம்பைக் காக்க வேண்டிய செல்களே கண்ணை அரிக்கின்றன.

"ரத்தத்துல, அடக்கி வைக்கிற டி செல்னு ஒரு கூட்டம் இருக்கும்மா" என்றார் கண் மருத்துவர் என்னிடம். "புதுசா வளர்ற செல்லுங்க முரடாகாம பாத்துக்கறது அதுங்கதான். இவளுக்கு அது கம்மியா, இல்ல இருந்தும் வேலை செய்யலையான்னு தெரியணும். கம்மின்னா பெருக்க மருந்து இருக்கு. வேலையே செய்யலைன்னா அந்த மருந்து வீண்."

அதைச் சோதிக்கும் ஆய்வகம் ஊரின் மறுகோடியில் இருந்தது. பிற்பகல் அக்காவுக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி. அது ஏறிவிட்டால் செல்களின் சொந்தக் குணம் தெரியாது. அதனால் முன்கூட்டியே ரத்தம் எடுத்து, குழாயை ஒரு பையில் வைத்து என்னிடம் கொடுத்தார்கள். அப்பா தன் மீன் வண்டியில் என்னை அழைத்துப் போனார். பெட்ரோல் போட நின்ற இடத்தில் நான் பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவி வந்தேன்.

ஆய்வகப் பெண் பையைத் திறந்தாள். குழாய் பனிக்கட்டிக்குள் புதைந்திருந்தது.

"யாரு ஐஸ் வச்சது?"

"நான்தாம்மா" என்றார் அப்பா பெருமையாக. "வெயில்ல கெட்டுடக் கூடாதே. இத்தனை வருஷத்துல என் மீன் ஒண்ணுகூட நாறினதில்ல."

"மீன் செத்ததுங்க ஐயா. இது உயிரோட வரணும்."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது.

"ஊசிக்கு முன்னாடி இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்க, சீக்கிரம்!" என்றாள் அவள். நான் அக்காவைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

"டாக்டர் ஊசியை இப்பவே போட்டுட்டாருடி. ஜன்னல் கம்பிகூட தெரியல எனக்கு, அதான். ஏன், என்னாச்சு?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஆய்வகப் பெண் அந்த ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து, ஒரு துளியில் நீலச் சாயம் கலந்து, நுண்ணோக்கியில் குனிந்தாள். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது ஆகாது. அவள் நிமிர்ந்தாள்.

"பாதிக்கு மேல நீலம்."

"அப்ப போச்சா?"

"மிச்சத்தை வச்சுப் பாக்கறேன். இளம் செல்லுங்க பக்கத்துல, உயிரோட இருக்கிற அடக்குற செல்லுங்களை விடுவேன். அடக்கிட்டா, அதுங்க வேலை செய்யுதுன்னு நம்பலாம். அடக்கலைன்னா, அது நோயா, உங்க ஐஸான்னு என்னால சொல்ல முடியாது."

செல்களை இட்ட தட்டு உடம்புச் சூடுள்ள பெட்டிக்குள் போனது. அதன் கதவு மூடியதும் அப்பா என் கைபேசியை வாங்கினார். "தாயி, உன் ரத்தத்தை நான் கெடுத்துட்டேன்" என்று தொடங்கி, ஒன்றுவிடாமல் சொன்னார்.



"டாக்டர்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்கப்பா" என்றாள் அக்கா. "இல்லைன்னா அவரு என் செல்லைத்தான் சோம்பேறின்னு திட்டுவாரு."

அப்பா சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, எனக்காகவும் காத்திராமல், படியிறங்கினார்.