முதலிடத்து வாடிக்கையாளர்

அந்த இன்டர்நெட் கம்பெனியில் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு வேலை போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். வேலையை விட்டு நீக்கியவர் மேனேஜர். நீக்கல் உத்தரவை மெஷினுக்குள் எழுதி வைத்தவர் விலாசம்.

விலாசம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஊரில் யார் எந்த இணைய முகவரியைத் தட்டினாலும், அந்தப் பெயர் எங்கே குடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்கு ஒரு மெஷின் உண்டு. அதைக் கட்டி மேய்ப்பது இவர் வேலை. அதனால் ஆபீசில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. மெஷின் நாணயமானது. பெயரைச் சொன்னால் வீட்டைக் காட்டும். அப்படி ஒரு பெயரே கிடையாது என்றால் ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடும்.

மேனேஜருக்கு அது பொறுக்கவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை பேர் தப்பா அடிக்கிறாங்க தெரியுமா? அத்தனை பேரையும் வாசல்லயே நிறுத்தி, இல்ல போன்னு துரத்தறோம். கடைக்கு வந்த ஆளைத் துரத்துற கடை உருப்படுமா? இனிமே யார் எதைக் கேட்டாலும் ‘இருக்கு, உள்ள வாங்க’ன்னு நம்ம கம்பெனி இணையப் பக்கத்துக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. நாலு விளம்பரம் பாத்துட்டுப் போகட்டும்.”

“இல்லாத பேரைக் கேட்டா?”

“நம்மகிட்ட இல்லாத பேரே இனிமே இல்ல.”

விலாசம் ஒரே ஒரு வரி எழுதினார். எழுதி முடித்து விரலை எடுத்தபோது, அடுப்பை அணைக்காமல் வெளியூர் கிளம்பிவிட்ட மாதிரி ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. சாப்பாட்டு நேரம் வேறு ஆகிவிட்டது.

அதன் பிறகு அந்தப் பக்கம் காட்டிய தாராளத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வக்கீல் ஆபீசில் ஒரு பல்லி கீபோர்டின் மேல் குறுக்கே ஓடியது. அதற்கும் பக்கம் திறந்து, கொசுவர்த்தி விளம்பரம் காட்டியது. கொசு ஒழிந்துவிடுமே என்று பல்லி வாங்காமல் போய்விட்டது. கணக்குப்பிள்ளை ஒருவர் நெற்றியைக் கீபோர்டில் வைத்துத் தூங்கிப்போனார். நெற்றி அடித்த முகவரிக்குப் பக்கம் மூன்று தலையணை காட்டியது. அதில் நடுவில் இருந்தது அவர் கழுத்துக்குக் கச்சிதமாக அமைந்ததாகப் பின்னால் அவரே சாட்சி சொன்னார். மனைவியோடு சண்டை போட்ட ஒருவர், கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் தட்டினார். அவருக்கு இரண்டு கல்யாணத் தரகர், ஒரு வக்கீல். அந்த வக்கீல், பல்லி ஓடிய ஆபீசின் அதே வக்கீல்.

மேனேஜர் ஹாலில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை மாட்டினார். அதில் ஊர் வரைபடம். யார் வீட்டிலிருந்து பக்கத்துக்கு வந்தாலும் அந்த இடத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி மின்னும். காபி குடித்துக்கொண்டே அதைப் பார்த்து நிற்பது அவருக்கு வழக்கமாயிற்று. ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குக் குறையாக இருந்தது.

“இங்க பாருங்க விலாசம், இந்த வீடு. போன வாரம் ஒரு மத்தியானம் முழுக்க விடாம வந்தாங்க. அப்புறம் ஆளையே காணோம். இதோ, ஆத்தோரமா இன்னொண்ணு. அதே கதை. நல்ல வாடிக்கை, திடீர்னு நின்னுடறாங்க. என்ன மனஸ்தாபம்னு தெரியல.”

“வேற கம்பெனிக்குப் போயிருப்பாங்க சார்.”

“சொல்லிக்காமயா?” என்று மேனேஜர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

விலாசத்துக்கு ஒரு அக்கா. அக்கா தையல் கூடத்தில் மேற்பார்வை. உள்ளே போகும்போது செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம்தான் கொடுப்பார்கள். அக்கா வீட்டுக்காரருக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. மீதிப் பாதிக்கு ஒரு ஆக்சிஜன் மெஷினும் அதிலிருந்து மூக்குக்கு ஒரு ரப்பர்க் குழாயும். பகல் முழுக்க மாடி வீட்டில் தனியாக உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்பார். அதனால் விலாசம் ஒரு காவல் ஏற்பாடு செய்திருந்தார். அத்தானின் விரலில் ஒரு கிளிப். அதிலிருந்து கம்பி ஒரு சின்னப் பெட்டிக்கு. ரத்தத்தில் காற்று குறைந்தால் பெட்டி உடனே ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி இன்டர்நெட்டில் கூப்பிடும். அந்தப் பக்கம் யாராவது எடுத்துக்கொண்டால் பச்சை விளக்கு. ஆஸ்பத்திரி அந்தப் பெயரில் இல்லை என்று பதில் வந்தால், அடுத்த நொடி விலாசத்தின் போன் அடிக்கும்.

“நீ கவலைப்படாம வேலைக்குப் போ அக்கா. ஆஸ்பத்திரி இல்லேன்னா நான்” என்று அன்றைக்கு அவர் சொல்லியிருந்தார். அக்கா அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் தினமும் போனை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அத்தான் சாப்பிடும்போது குழாயைக் கழற்றிவிடுவார். உடனே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா போனில் வந்து திட்டுவார். போன ஞாயிற்றுக்கிழமை விலாசம் சாப்பிடப் போயிருந்தபோது அத்தான் அதைப் பற்றித்தான் பேசினார்.

“மாப்ளே, அந்த நர்ஸம்மா இப்பல்லாம் திட்டறதே இல்லடா. கழட்டினாலும் கேக்கறதில்ல.”

“நீங்க தேறிட்டீங்க அத்தான்.”

“அப்படியா சொல்றே? திட்டு வாங்காம சாப்பாடு இறங்கமாட்டேங்குது.”

“உங்களுக்கு நான் திட்டினா பத்தாதாக்கும்?” என்றாள் அக்கா, குழம்பை ஊற்றிக்கொண்டே. மூவரும் சிரித்தார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விலாசம் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

இது நடந்து இரண்டு மூன்று நாள் கழித்து, மேனேஜர் ஹாலில் எல்லோரையும் கூட்டினார். சாயங்காலம் முதலாளிகள் வருகிறார்கள். அதற்குள் முதலிடத்து வாடிக்கையாளருக்குப் பரிசு கொடுத்துப் போட்டோ எடுத்துவிட வேண்டும். பரிசு, கம்பெனி முத்திரை போட்ட பெரிய சுவர்க் கடிகாரம். போட்டோக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

“இந்த மாசம் நம்ம பக்கத்துக்கு அதிகமா வந்த வீடு இதான்” என்று மேனேஜர் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டார். “வேளா வேளைக்கு வருவாங்க. சாப்பாட்டு நேரத்துல தவறவே மாட்டாங்க. இன்னிக்குப் பாருங்க, கொஞ்ச நேரமா கண்ணு மூடாம வந்துக்கிட்டே இருக்காங்க. என்னா பாசம்!”

புள்ளி மின்னி மின்னி அணைந்தது. அதன் பக்கத்தில் வீட்டு முகவரி விரிந்தது. தெருப் பெயர், வீட்டு எண், மாடி.

விலாசம் முதலில் சிரித்தார். “சார், இது எங்க அக்கா வீடு. அங்க எங்க அத்தான் ஒருத்தர்தான். அவருக்கு டிவி ரிமோட்டே…”

அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து உறுத்திக்கொண்டிருந்த அடுப்பு எந்த வீட்டு அடுப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது. அத்தானுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போட்டார். “நாங்க புதுக் கட்டடத்துக்கு வந்தாச்சே சார், இணையத்துல பேரும் மாத்தியாச்சு. பழைய பேரை விட்டுட்டோம்” என்றது ஒரு குரல், மங்கலச் செய்தி சொல்வது போல. ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லிக் கத்திவிட்டு ஓடினார்.

“கடிகாரத்தை விட்டுட்டுப் போறீங்களே!” என்று மேனேஜர் பின்னாலிருந்து கூப்பிட, போட்டோக்காரர் கடிகாரத்தோடு ஓடிவந்து மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டார். வழி நெடுக அது விலாசத்தின் முதுகுக்குப் பின்னால் டிக் டிக் என்றது.

சாவி அவரிடமே ஒன்று இருந்தது. கதவைத் திறந்தார்.

வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. ஆக்சிஜன் மெஷின் சாதுவாக உறுமிக்கொண்டிருந்தது. அத்தான் தெருவை இன்னும் நன்றாகப் பார்க்க நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார். நாற்காலியின் பின்கால் குழாயின் மேல் நின்றிருந்தது. தாடை நெஞ்சில் படிந்திருந்தது. ஒரு கால் செருப்பு தனியாகக் கிடந்தது. உதடு கத்திரிக்காய் நிறம்.

மேசை மேல் பெட்டி. அதில் பச்சை விளக்கு, ஒரு நடுக்கம் இல்லாமல், சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி எரிந்தது. கீழே சின்னத் திரையில் வந்த பதில்: ‘நீங்கள் தேடுவது இங்கே இருக்கிறது!’ அதற்கும் கீழே மூன்று விளம்பரம். பலூன், சைக்கிள் பம்பு, மூச்சடக்கிப் பாடப் பயிற்சி வகுப்பு.

விலாசம் நாற்காலியை ஆளோடு சேர்த்துத் தூக்கினார். வேறு நாளில் அதில் பாதியைக்கூடத் தூக்கியிருக்கமாட்டார். குழாய் உப்பியது. கன்னத்தைத் தட்டினார், நெஞ்சைத் தேய்த்தார், “அத்தான், அத்தான்” என்று ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். கடிகாரம் போட்டோக்காரரின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடிய நேரம் எவ்வளவு என்று பார்க்க இருவருக்குமே தைரியம் வரவில்லை.

பிறகு அத்தானின் தொண்டையில் கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். கண் திறந்து முதலில் போட்டோக்காரரைப் பார்த்தார்.

“மாப்ளே… போட்டோ எடுக்க ஆள் வந்திருக்கே. போயிட்டேனா?”

“இல்ல அத்தான். இல்ல. இல்ல.”

“ஒரு தடவை சொன்னா போதாதா?” மூச்சு வாங்கிக்கொண்டார். “எந்திரிக்கணும்னுதான் பாத்தேன். அப்புறம் பச்சை விளக்கு எரிஞ்சுது. சரி, சொல்லியாச்சு, வந்துக்கிட்டிருக்காங்கன்னு உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் எரிஞ்சுதுடா.”

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அத்தான், “அதே நர்ஸம்மாதானே?” என்று விசாரித்தார். ஆம்புலன்ஸில் வந்தவர், அத்தான் பிழைத்துக்கொள்வார் என்று சொன்னதும், தையல் கூடத்து வாசலில் போனையெல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் போன் போட்டு அக்காவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, விலாசம் ஆபீசுக்குத் திரும்பினார். அந்த மெஷினை அந்த அறையிலிருந்துதான் தொட முடியும்.

ஹாலில் முதலாளிகளுக்காக நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் முகம் வாடியிருந்தது.

“முதலிடம் அணைஞ்சு போச்சே! அங்க போய் என்னய்யா பண்ணீங்க?”

“நாற்காலியை நகத்தினேன்.”

விலாசம் திரையின் முன்னால் நின்றார். இத்தனை நாள் அதை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. மனிதர்கள் தட்டுகிற புள்ளிகள் அரட்டை மாதிரி மின்னின. ஒன்று இங்கே, ஒன்று அங்கே, ஒரு ஒழுங்கும் கிடையாது. ஆனால் அவற்றுக்கு நடுவே வேறு சில புள்ளிகள் இருந்தன. மாறாத இடைவெளியில், பதறாமல், களைக்காமல் துடிப்பவை. தெற்கே இரண்டு. ரயிலடிப் பக்கம் வரிசையாக. ஆற்றோரத்தில் ஒன்று இருந்த இடம் இருட்டாக இருந்தது.

பயத்தை மனதில் வைத்துச் செய்த எந்தப் பெட்டியும் அத்தானின் பெட்டி மாதிரித்தான் செய்யப்பட்டிருக்கும். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் கூப்பிடுவது, குளிர்க்கிடங்கில் கதவு பூட்டிக்கொண்டால் கூப்பிடுவது, படுக்கையிலிருந்து விழுந்தால் கூப்பிடுவது. முதலில் ஒரு பெயரைக் கேட்கும். ‘இல்லை’ என்று வந்தால் அடுத்த ஆளைக் கூப்பிடும். இந்த ஊரில் அவற்றுக்கு அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை. நீங்கள் தேடுவது இங்கே இருக்கிறது என்று பதில் வாங்கிக்கொண்டு, பச்சை விளக்கை ஏற்றிக்கொண்டு, காத்திருந்தன.

“சார், அந்த வரியை எடுத்துடறேன்.”

“நாளைக்கு எடுங்க. முதலாளிங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். ஒரு சாயங்காலத்துல என்ன குடி முழுகிடும்?”

விலாசம் மெஷின் அறைக்கு நடந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எழுதியது ஒரே வரி; அழிக்கவும் அவ்வளவுதான் ஆயிற்று.

வெளியே வந்தபோது சுவர்த் திரை முழுக்க இருட்டு. நாற்காலி போட்டவர்கள் கையில் நாற்காலியோடு நின்றார்கள். மேனேஜர் வாயைத் திறந்தார்.

அப்போது வரவேற்பு மேசையில் போன் அடித்தது. அதை யாரும் எடுப்பதற்குள் கணக்குப் பிரிவில் ஒன்று அடித்தது. காவலாளியின் சட்டைப்பையில் ஒன்று. கீழே தெருவில், நிறுத்தி வைத்த வண்டிகளில், எதிர்க் கட்டடத்தில், அதற்கும் அப்பால். ஊரே ஒரு நொடியில் விழித்துக்கொண்ட மாதிரி, எங்கெங்கோ மணிகள் அடிக்கத் தொடங்கின. தெருவில் போன ஒரு பெண் போனைக் காதில் வைத்தாள். வைத்த கையோடு ஓட ஆரம்பித்தாள். காவலாளி தன் போனைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். யாரிடமும் சொல்லாமல் படியில் இறங்கிப் போனான்.

மேனேஜர் வரவேற்பு மேசைப் போனை எடுத்தார். வழக்கம்போல, “வணக்கம், என்ன உதவி வேணும்?” என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். காபிக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார். கிடைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசியில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு விலாசத்தைப் பார்த்தார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“ஆத்தோரத்து வீட்டுலேர்ந்து ஒருத்தர். அவங்கப்பா பெட்டியில போன வாரம் திங்கக்கிழமை மத்தியானம் பூரா பச்சை விளக்கு எரிஞ்சதாப் பதிவாகியிருக்காம். ஆஸ்பத்திரியில கேட்டா, எங்களுக்கு வரவே இல்லங்கறாங்களாம். அப்ப யார் எடுத்தாங்கன்னு கேக்கறார். என்ன சொல்ல?”

“நாமதான் எடுத்தோம்னு சொல்லுங்க” என்றார் விலாசம்.